ஆயாக் கொட்டகையும் அதற்குப் பின்னும்: கெடா தோட்டங்களில் குழந்தைப் பாதுகாப்பின் கதை



ஒரு குழந்தைக்கு விபத்து நேர்ந்துவிட்டால் நம்மவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் ‘விதி’. அடுத்துப் பிறப்பது, ‘தாய்க்காரி எங்கே போயிருந்தாள்?’ என்னும் கேள்வி. முதற்சொல் எல்லாரையும் விடுவித்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி ஒருத்தியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறது. கெடா மாநிலத் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் அக்கேள்விக்கு மிக எளிய விடை கிடைக்கும். தாய்க்காரி மரம் வெட்டப் போயிருந்தாள். அவளை அங்கே அனுப்பியது ஓர் ஏற்பாடு. அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஏற்பாடும் இருந்தது. இக்கட்டுரை அந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பற்றியது. அது மறைந்தபின் அதன் இடத்திற்கு எது வந்தது, எது வரவில்லை என்பதைப் பற்றியது.

1909ஆம் ஆண்டு ஆங்கிலேய-சயாம் உடன்படிக்கையின்வழி கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து விலகி ஆங்கிலேயரின் ஆதிக்கத்தின்கீழ் வந்தது. அக்காலத்தை ஒட்டியே இம்மாநிலத்தின் தென்பகுதியில், குறிப்பாகக் கோலமூடா, கூலிம் மாவட்டங்களில், இரப்பர்த் தோட்டங்கள் பரவின. சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கோலக்கெட்டில் என்று இன்று நாம் பட்டணங்களாக அறியும் ஊர்கள் பலவும் தோட்டங்களை நம்பி வளர்ந்தவையே. தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் அழைத்துவரப்பட்ட குடும்பங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வேலைக்கு எடுக்கப்பட்டனர். கணவனின் கூலியை மட்டும் கொண்டு குடும்பம் நடத்த இயலாத அளவில்தான் கூலி இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இரப்பர் மரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. வெயில் ஏறுவதற்கு முன், காற்றில் குளிர்ச்சி உள்ளபோதுதான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். எனவே விடியுமுன்பே பெரட்டு. கிராணி பெயர் கூப்பிடும் நேரத்தில் இருட்டு விலகியிராது. நண்பகலில் பால் எடுத்து, வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய் எடை போட்டு முடித்த பிறகே வீடு திரும்பலாம். ஆக, ஒரு கைக்குழந்தையின் நாளில் பாதிக்கு மேல் தாயும் தந்தையும் அருகில் இல்லை. மரத்தின் இயல்பு குழந்தையின் நாளையும் வகுத்துவிட்டது!

இந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே ஆயாக் கொட்டகை. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதையே பிள்ளைக் காம்பரா என்றும் பிள்ளை மடுவம் என்றும் சொல்வர். கடல் கடந்து போன நம் மக்கள் எங்கெல்லாம் தோட்டத்தில் உழைத்தார்களோ, அங்கெல்லாம் ஏதோ ஒரு பெயரில் இந்தக் கொட்டகை இருந்திருக்கிறது. அமைப்பு எளிது. இலயங்களுக்கு அருகில், பலகைச் சுவரோ அரைச்சுவரோ கொண்ட ஒரு கூடம். குறுக்கு விட்டத்தில் பழைய சேலைகளால் கட்டிய ஏணைகள். ஒரு மூலையில் அடுப்பு. பால் மாவு டின்கள். மரம் வெட்டும் வயதைக் கடந்த ஒரு மூதாட்டி அல்லது உடல் நலிந்த ஒரு பெண்மணி ஆயாவாக அமர்த்தப்படுவார். இருட்டில் தோளில் போட்டுக் கொண்டுவந்த குழந்தையை ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுத் தாய் நிரைக்குப் போய்விடுவாள்.

இதைப் பொற்காலமாக எழுதுவோர் உண்டு. அவர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை. நிருவாகம் கொட்டகை கட்டியது குழந்தைகளின்மேல் கொண்ட அன்பினால் அன்று. தாய் வேலைக்கு வரவேண்டும் என்பதனால். ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள் என்பதைக் குழந்தைகளின் தேவை முடிவு செய்யவில்லை, தோட்டத்தின் கணக்குப் புத்தகமே முடிவு செய்தது. அவருக்குப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை. அடுப்பும் தவழும் குழந்தையும் ஒரே கூடத்தில் இருந்தன. ஆயினும் அந்தக் கொட்டகையில் ஒன்று இருந்தது. ‘இந்நேரம் முதல் இந்நேரம் வரை இக்குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறது?’ என்ற கேள்விக்குத் தோட்டத்தில் எவரும் உடனே விடை சொல்ல முடிந்தது.

கொட்டகை ஏற்றுக்கொள்ளாத, அல்லது கொட்டகை வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் யார்? அக்காள்தான். இதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்கப்படவேண்டும் என்றது. நாட்டின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு இவ்விதியும் ஒரு காரணம். ஆனால் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே விழுந்த வெற்றிடங்களில் பெரும்பகுதி, இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு இலயத்து வாசலில் நின்ற எட்டு வயதுச் சிறுமியருடையது. ஒரு குழந்தையின் பாதுகாப்பிற்காக இன்னொரு குழந்தையின் கல்வி விலையாகக் கொடுக்கப்பட்டது. அதுவும் உண்மையான பாதுகாப்பு அன்று. எட்டு வயதுப் பிள்ளையால் கிணற்றில் விழுந்த மூன்று வயதுப் பிள்ளையை எப்படித் தூக்க முடியும்?

தோட்டத்தில் குழந்தையைச் சூழ்ந்திருந்த ஆபத்துகள் தனி வகையானவை. தொடக்கக் காலத்தில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் சிசுக்களை வாரிக்கொண்டு போனமையால் விபத்துச் சாவுகள் எவர் கண்ணிலும் தனியே படவில்லை. நோய்கள் அடங்க அடங்கத்தான் அவை வெளியே தெரிந்தன. பாலை உறையவைக்கப் பயன்படும் ‘அசிட்’ என்னும் பார்மிக் அமிலம் ஸ்டோரில் இருந்தது. அது தோலில் பட்டாலே புண்ணாக்கும்; விழுங்கினால் தொண்டையையும் உணவுக்குழாயையும் அரித்துவிடும். சிறு தோட்டக்காரர்களின் வீடுகளிலோ அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. விளக்கெரிக்க வாங்கிய மண்ணெண்ணெய் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கப்பட்டது.

புல் மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தொடக்கத்தில் தோட்டங்களில் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் பயன்பட்டது. அது நஞ்சுகளில் கொடியது. மேயும் மாடுகளும் அதனால் மடிந்தன. 1962இல் பாராகுவாட் விற்பனைக்கு வந்தது. ‘கிரமோக்சோன்’ என்ற வணிகப் பெயரில் நம் தோட்டங்களில் நிலைபெற்றது. அதன் தொடக்கக் காலக் கரைசல் பழுப்பு நிறம் உடையது. கோலா பானத்தைப் போலவும் ஆறிய காப்பியைப் போலவும் தோன்றும். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. இன்றுவரை அதற்கு மாற்று மருந்து இல்லை. பல நாடுகளில் தவறுதலாகக் குடித்து மாண்டவர்கள் பெருகிய பின்னரே அதில் நீல நிறமும் கெட்ட வாடையும் வாந்தி உண்டாக்கும் பொருளும் சேர்க்கப்பட்டன. இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ‘கவனமாக இருங்கள்’ என்று மக்களுக்குச் சொன்னது மட்டும் போதவில்லை. பொருளையே மாற்றவேண்டியிருந்தது. மலேசியாவில் 2002இல் பாராகுவாட்டுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. இறுதியில் 2020 சனவரி 1 முதல் அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. மருந்தடிக்கும் வேலையில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும், அவர்கள் அதே உடுப்போடு வீடு வந்து பிள்ளையைத் தூக்கினார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், 2002க்கும் 2020க்கும் இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகள் எவ்வளவு நீண்டவை என்பது விளங்கும்.

விபத்து நேர்ந்தபின் என்ன செய்தார்கள்? தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் ஐயா இருந்தார். அவரிடம் போவதற்குமுன் வீட்டு வைத்தியம் நடந்துவிடும். வெந்நீர் கொட்டிய காலில் கிச்சாப் ஊற்றுவது, காப்பித்தூள் அப்புவது, மை தடவுவது, பிற்காலத்தில் பற்பசை பூசுவது! இவற்றில் சில இன்றும் நம் மாணவர்களின் வீடுகளில் தொடர்கின்றன. தீப்புண்ணுக்கு உடனே வேண்டியது ஒன்றே ஒன்று: ஓடும் குளிர்ந்த குழாய் நீர், இருபது நிமிடங்கள். ஐஸ் கட்டி வேண்டா. பூசப்படும் எதுவும் சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கும். பின்னர் மருத்துவர் அதனைச் சுரண்டி எடுக்கவேண்டிவரும், அந்த வேதனையும் குழந்தைக்கே. நீரில் மூழ்கிய பிள்ளையின் கால்களைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் அக்காலத்து வழக்கம். அதனால் நுரையீரல் நீர் வெளியேறாது. பொன்னான நொடிகள் மட்டும் வீணாகும். மூச்சு நின்றிருந்தால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டி நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும். இன்னொருவர் 999க்கு அழைக்கவேண்டும். மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்த குழந்தையை, உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் தவறு. மண்ணெண்ணெய் மேலே ஏறிவரும்போது நுரையீரலுக்குள் புகுந்துவிடும். அமிலம் தொண்டையை இரண்டாம் முறை அரிக்கும். குடித்த போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையவேண்டும். 1994 முதல் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்கிவருகிறது. கெடாவுக்கு அண்டை வீடு போன்ற இடம். இருந்தும் அதன் பெயரை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

இனிச் சட்டங்களுக்கு வருவோம். மோட்டார்சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணியவேண்டும் என்னும் விதி 1973இல் வந்தது. 1984இல் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990, தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பதுபற்றியும் விதி வகுத்தது. காலத்தின் முரணைப் பாருங்கள்! ஆயாக் கொட்டகைக்கு இத்தகைய தெளிவான சட்டத்தகுதி கிடைத்த வேளையில், கொட்டகை நின்ற தோட்டங்களே கரையத் தொடங்கிவிட்டன. இரப்பர் அழிந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறப்பு விழா கண்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பணியாளர்களாயினர். பெரட்டுக்குப் பதிலாக ஷிப்ட் வந்தது. தாய் இப்போதும் விடியுமுன்பே புறப்பட்டாள். கொட்டகை மட்டும் கூட வரவில்லை.

அதன் இடத்தைத் ‘தஸ்கா’ எனப்படும் மையங்கள் பிடித்திருக்கவேண்டும். பிடித்தனவா? 1984ஆம் ஆண்டுச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளை ஏற்கும் இடங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. அடுத்த வீட்டு அக்காவிடம் மூன்று குழந்தைகள் விடப்பட்டால் அவ்வீடு சட்டத்தின் பார்வையில் ‘மையம்’ அன்று. நம் குடும்பங்களில் பெரும்பான்மையோர் நாடுவது அத்தகைய வீடுகளைத்தான். கட்டணம் குறைவு, நேரத்திற்கும் நெகிழ்வு உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வீட்டின் குளியலறை வாளியில் நீர் நிரம்பியிருக்கிறதா, வாசற்கதவுக்கும் சாலைக்கும் இடையே வேலி உண்டா என்பதை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. பெற்றோரே பார்க்கவேண்டும். தவழும் குழந்தை மூழ்குவதற்கு அரை வாளி நீரே போதும்.

சிறுவர் சட்டம் 2001இன் 33ஆம் பிரிவு, தக்க கண்காணிப்பின்றிப் பிள்ளையை விட்டுச் செல்லும் பெற்றோரைத் தண்டிக்கிறது; 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தண்டனையை உயர்த்தியது. சட்டம் தேவைதான். ஆயினும் தோட்டக் காலத்தில் கண்காணிப்பு ஏற்பாட்டைச் செய்யவேண்டிய கடமை முதலாளிக்கு இருந்தது என்பதையும், இன்று அக்கடமை முழுவதும் பெற்றோரின் தலையில், அதிலும் தாயின் தலையில், வந்து அமர்ந்திருக்கிறது என்பதையும் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் பெருங்கூட்டமாகக் கூடும் இடங்களிலும் கெடாவுக்கு ஆறாத வடு ஒன்று உண்டு. 1989 செப்டம்பர் 22ஆம் நாள், யான் மாவட்டத்துப் பாடாங் லூமாட்டில், குவார் செம்பெடாக்கிற்கு அருகில், ஒரு சமயப் பள்ளியின் மர விடுதி தீப்பற்றியது. 27 மாணவியர் மாண்டனர். நம்மில் பலர் அதனை இன்னொரு சமூகத்தின் துயரமாக எண்ணி மறந்துவிட்டோம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2004 சூலை 16ஆம் நாள், தமிழகத்தின் கும்பகோணத்தில் ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில் தீ மூண்டபோது நாமெல்லாரும் அழுதோம். சத்துணவுச் சமையற்கூடத்தில் பிறந்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி, மாடியில் இருந்த வகுப்புகளின்மேல் இடிந்து விழுந்தது. 94 பிள்ளைகள்! ஒடுங்கிய படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் நெருக்கியடித்த பள்ளிகள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளுக்குத் தீப்பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்போ 2014இல்தான் வந்தது. 2017 செப்டம்பர் 14ஆம் நாள் கோலாலம்பூரில் இன்னொரு சமயப் பள்ளி விடுதி எரிந்து 23 பேர் மாண்டபோது, பாடாங் லூமாட்டை நினைவுகூர்ந்தவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

இந்தத் தீ விபத்துகளைப் படிக்கும்போதெல்லாம் வெளியேறும் வழி பற்றிய கேள்விதான் எழுகிறது. திருடனுக்கு அஞ்சி நாம் நம் பட்டணத்து வீடுகளில் பலகணிகளுக்கும் கதவுகளுக்கும் இரும்புக் கிரில் போடுகிறோம். பூட்டின் சாவி எங்கே? தாயின் கைப்பையில், தாய் வேலையில். உள்ளே பாட்டியும் இரு பிள்ளைகளும். தீயின்போது அந்தக் கிரில் யாரைத் தடுக்கும்? சாவியைக் கதவுக்கு அருகில், பெரியவர் கைக்கு எட்டும்படியும் வெளியாள் கைக்கு எட்டாதபடியும், ஓர் ஆணியில் மாட்டி வைப்பதற்குப் பணம் தேவையில்லை. பள்ளிகளில் தீப்பயிற்சி நடத்துகிறோம்; மணி அடிக்கிறது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திடலில் வரிசையாக நிற்கிறார்கள், படம் எடுத்துக் கோப்பில் வைக்கிறோம். அடைத்து வைத்திருக்கும் பின்கதவைத் திறந்து பார்த்தோமா என்பதே என் ஐயம்.

நீரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009 அக்டோபர் 26ஆம் நாள் இரவு, பேரா மாநிலத்துக் கோலடிப்பாங்கில், பள்ளி முகாம் ஒன்றுக்கு வந்த பிள்ளைகள் கடந்துகொண்டிருந்தபோது கம்பார் ஆற்றின்மேல் புதிதாகக் கட்டப்பட்ட தொங்கு பாலம் அறுந்தது. தமிழ்ப்பள்ளி மாணவியர் மூவரை ஆறு கொண்டுபோனது. ஆசிரியர்கள் உடன் இருந்தனர். முகாமுக்கு ஒப்புதல் இருந்தது. கடிதங்கள் எல்லாம் சரியாக இருந்திருக்கும். ஒரே நேரத்தில் அந்தப் பாலம் எத்தனை பிள்ளைகளைத் தாங்கும், இருட்டில் ஆற்றங்கரையில் பாதுகாப்பு மிதவை உண்டா என்னும் கேள்விகளுக்கு ஒப்புதல் கடிதத்தில் இடம் இல்லை. நம் கெடாவிலோ விடுமுறை வந்தால் மெர்போக்கின் தூப்பா, யானின் தீத்தி ஹாயூன், கூலிமின் செடிம் என்று அருவிகளை நோக்கிக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் குனோங் ஜெராய் மலையிலிருந்து திடீரெனப் பாய்ந்துவந்த வெள்ளம், அறுவரின் உயிரைக் குடித்தது. மலாய்க்காரர்கள் அதைக் ‘கெப்பாலா ஆயர்’, அதாவது நீரின் தலை, என்பார்கள். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையுச்சியில் மழை பெய்துகொண்டிருக்கும். நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மாறினாலும் அந்த நொடியே கரையேறவேண்டும். பாயையும் பிரியாணிச் சட்டியையும் எடுக்கத் திரும்பக்கூடாது.

உலக அளவில் பார்த்தால், உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2008 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, நாள்தோறும் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் விபத்துகளால் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. சாலை, நீர், தீ, விழுதல், நஞ்சு ஆகிய ஐந்துமே முதன்மைக் காரணங்கள். நம் தோட்டத்து இலயத்தில் ஐந்தும் இருந்தன. நம் பட்டணத்து வீட்டிலும் ஐந்தும் இருக்கின்றன. அளவுகள் மட்டும் இடம் மாறியுள்ளன. கிணறு குறைந்தது, சாலை பெருகியது. காலையில் பள்ளி வாசலில் நின்றால் தெரியும். ஒரே மோட்டார்சைக்கிளில் தந்தையும் முன்னும் பின்னுமாக மூன்று பிள்ளைகளும் வருவார்கள். தந்தையின் தலையில் கவசம். பிள்ளைகளின் தலையில் எண்ணெயும் திருநீறும். மகிழுந்தில் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்னும் விதி 2020 சனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. மகிழுந்து வாங்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? அவனுக்கு வேண்டியது அவன் தலையின் அளவுக்குப் பொருந்தும் ஒரு கவசம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் விழா மேடைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைக் கொண்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கவசம் வாங்கித் தரலாம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சனவரி முதல் வாரமோ, நாட்காட்டி மாறிய ஆண்டுகளில் வேறு மாதமோ, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பதியும்போது பெயர், பிறப்புச் சான்றிதழ் எண், தந்தையின் தொழில் என்று பல கட்டங்களை நிரப்புகிறோம். அந்தத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் மேலும் இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளலாம். ‘வீட்டில் இருக்கும் தம்பி தங்கை பகலில் யாரிடம் இருக்கிறார்கள்?’ ‘பள்ளி முடிந்து நீ போகும்போது வீட்டில் யார் இருப்பார்?’ ஏழு வயதுப் பிள்ளை பொய் சொல்லத் தெரியாமல் விடை சொல்லும். ‘நான்தான் சார் பார்த்துக்குவேன்’ என்று அது சொன்னால், அன்று மாலையே அத்தாயைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவேண்டும். குறை சொல்லும் குரலில் அன்று, அருகில் எந்த மையத்தில் இடம் இருக்கிறது என்ற தகவலோடு.